கூடம் சுத்தமாக இருந்த இரண்டு நாள்

முயலுக்குத் துரை என்று பேர் வைத்தது சின்னவள் இல்லை, அவளுடைய அக்கா புருஷன், அத்தான். வந்த முதல் நாளே கூடத்து நாற்காலிக்கு அடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வீட்டிலிருந்தவர்களை அது ஒரு கண்ணால் அளந்த தோரணையைப் பார்த்துவிட்டு, "துரை எப்போ வந்து இறங்கினாரு?" என்று கேட்டார். பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அதை யாரும் 'அது' என்று சொல்லவில்லை, அக்காவைத் தவிர.

சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வரும்போது ஒரு பெட்டி, ஒரு கூடை. பெட்டியில் துணி, கூடையில் துரை. கட்டியவனோடு ஒத்துவரவில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ எவ்வளவு நாள் வேணாலும் இரு. உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ. ஆனா அதோட புழுக்கை ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சு, அன்னிக்கே அது வெளியில."

உன் வீடு என்றும் சொல்லுவாளாம், வெளியில் என்றும் சொல்லுவாளாம். அக்கா அப்படித்தான். ஆனால் அவள் பிழைப்பையும் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேலாளாக இருக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது அறை. தலையணையில் ஒற்றை முடி கிடந்தாலும் அந்த அறையை முதலிலிருந்து செய்யச் சொல்லுவாள். குழாயின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்காது.

சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். காலர் கோணியிருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தேறாத சட்டையைத் தூக்கிக் கூடையில் போடுவதுதான் வேலை. ஆக, குறை கண்டுபிடித்தே சாப்பிடுகிற இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் மாட்டிக்கொண்டவர் அத்தான். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்று அவருக்கு அத்துப்படி. தெருவில் எப்படிப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பாரோ, வீட்டுக்குள்ளும் அப்படியே வைப்பார்.

பகலெல்லாம் துரைக்குப் பின்பக்கத்துப் பால்கனி. அக்கா படுக்கப் போனதும் கூடம் முழுக்க அவன் ராஜ்ஜியம். விடிந்தால் திரும்பவும் பால்கனிக்குப் போய்விடுவான். மூத்திரத்துக்கு மட்டும் ஒழுங்காகத் தட்டைத் தேடிப் போவான். புழுக்கை விஷயத்தில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. காலையில் பார்த்தால் சோபா ஓரத்திலிருந்து சமையலறை வாசல் வரை கொண்டைக்கடலை கொட்டின மாதிரி கிடக்கும். சின்னவள் ஐந்தரைக்கே எழுந்து, விளக்குமாறு சத்தம் கேட்டுவிடும் என்று பழைய அட்டையால் ஒதுக்கி அள்ளிவிடுவாள். ஆறு மணிக்கு அக்கா வரும்போது கூடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

சில நாள் அவள் எழுந்து வருவதற்குள்ளேயே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு விடியற்காலையில் காரணம் தெரிந்தது. அத்தான் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இருவரும் எதையும் பார்க்காத மாதிரி அவரவர் வழியில் போனார்கள். அதற்கப்புறம் முதலில் எழுந்தவர் கூட்டுவது என்று ஆகிவிட்டது. இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அக்காவுக்குக் கேட்டுவிடும் என்ற பயம், கட்டிய புருஷனுக்கும் உண்டு, கூடப் பிறந்தவளுக்கும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலை சின்னவள் எழுந்து வந்தபோது கூடம் சுத்தமாக இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. அத்தான் இரண்டு நாளாக முந்திக்கொள்கிறாரே என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அப்புறம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

கொத்தமல்லித் தண்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மற்ற நாளானால் வாசனை வந்ததுமே பின்னங்காலில் நின்று அவள் முழங்காலைப் பிறாண்டுவான். இன்றைக்கு மூலையில் முதுகைத் தூக்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. தண்டை மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிட்டத்தில் குனிந்தபோது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

காதைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. வயிற்றுக்கு அடியில் கையை விட்டாள். எப்போதும் பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும் வயிறு, காற்றடைத்த பந்து மாதிரி விறைத்திருந்தது. ஆயிரம் சட்டைக்கு நடுவில் ஒரு சட்டை சரியில்லை என்றால் அவள் கண்ணுக்கு முந்திக் கைக்குத் தெரியும். கைக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"அக்கா, இங்க வாயேன். துரைக்கு என்னமோ ஆயிடுச்சு."

அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பால்கனி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? தூங்குது."

"தூங்கல. வலிக்குது அவனுக்கு. காதைத் தொட்டுப் பாரு."

"நான் குளிச்சாச்சு."

"சாப்பிட மாட்டேங்கிறான் அக்கா."

"ஒரு நாள் வயித்தைக் காயப் போட்டா தானா சரியாயிடும். மனுஷனுக்கே அதான் மருந்து."

"இவன் மனுஷன் இல்லையே."

"அதைத்தான்டி நானும் சொல்றேன்! முயலுக்காக வேலையைக் கெடுத்துக்காம கிளம்பு. இன்னிக்கு உனக்குச் சரக்கு அனுப்புற நாள்னு நீதானே சொன்னே?"

சொன்னது உண்மைதான். அன்றைக்கு நாலாயிரம் சட்டை பெட்டியேற வேண்டும். சின்னவள் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். தனக்கே காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள், அவரும் அப்படித்தான் கேட்டுக்கொள்ளுவார். அன்றைக்கு என்னவோ பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சார், இன்னிக்கு வரல. முயலுக்கு உடம்பு சரியில்ல."

"யாருக்கு?"

"முயலுக்கு."

அவர் சிரித்தார். பக்கத்தில் யாருக்கோ சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார். "முயலுக்கு லீவா? நாளைக்கு எறும்புக்குத் தலைவலின்னு யாராவது வருவாங்க. இதப் பாரும்மா, இன்னிக்கு வரலைன்னா திங்கக்கிழமை உன் மேசையில வேற ஆள் நிக்கும்."

"நிக்கட்டும் சார். அந்த ஆளுக்குக் காலர் பாக்கக் கத்துக்குடுக்கணும்னா சொல்லுங்க, வந்து சொல்லித் தர்றேன்."

போனை வைத்துவிட்டாள். உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறந்து காற்று வந்தது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பைத்தியம் பிடிச்சிருக்கு உனக்கு" என்று செருப்பை மாட்டினாள்.

"மூணு தெரு தள்ளி ஒரு நாய் டாக்டர் இருக்காங்க" என்றார் அத்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் அந்தப் பக்கம்தான் போறேன், மீட்டர் பாக்க."

"சனிக்கிழமை என்ன மீட்டர்?" என்றாள் அக்கா.

"பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் அக்காவிடம் சொன்ன முதல் பொய்யாக அது இருக்க வேண்டும். அவ்வளவு மோசமாகச் சொன்னார்.

டாக்டர் வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. சுவரோரம் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள், ஆட்களின் காலடியில் நாய்கள். கம்பவுண்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"முயலா? இங்க நாய், பூனைதாம்மா."

"கால்நடை டாக்டர்தானே? இவனுக்கும் நாலு கால் இருக்கு."

"முயலுக்கெல்லாம் வைத்தியம் நிக்காதும்மா. ஒண்ணு தானா சரியாகும், இல்லன்னா போயிடும். ரெண்டு நாள் எதுவும் குடுக்காதீங்க. திங்கக்கிழமை கூட்டம் இருக்காது, அப்ப கொண்டாங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் இருப்பானா?"

"அதை நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப நீங்க எதுவும் சொல்லாதீங்க. டாக்டர் சொல்லட்டும்."

சின்னவள் கூடையோடு போய் டாக்டர் அறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பவுண்டர் எழுந்திருக்கச் சொன்னார், அதட்டினார், கடைசியில் அத்தானிடம் முறையிட்டார். "எனக்கே அடங்கிப் போய்த்தான் பழக்கம், என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் அத்தான். ஒரு பெரிய நாய் கூடையை மோந்து பார்க்க வந்தது. சின்னவள் அதை முறைத்த முறைப்பில் அது எஜமானருக்குப் பின்னால் ஒதுங்கியது. துரை எதற்கும் அசையவில்லை. நாயைப் பார்த்தும் முயல் அசையவில்லையே என்று அவள் கூடையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். நரைத்த முடியைத் தூக்கிக் கட்டிய அம்மாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையைத் தானே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு முயல் அதிகம் பழக்கமில்ல. ஆனா இது காத்திருக்கிற கேஸ் இல்லன்னு தெரியும். தெரியாததைத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கிறேன். சரியா?"

"சரிங்க டாக்டர்." அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் காலில் விழலாம் போல இருந்தது சின்னவளுக்கு.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் துரையின் வயிற்றில் வைத்தார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். "சத்தமே இல்ல. குடல் அப்படியே நின்னு போயிருக்கு." நிமிர்ந்தார். "கடைசியா எப்ப புழுக்கை போட்டுச்சு?"

"நேத்து ராத்திரி போட்டிருப்பான்" என்றாள் சின்னவள். "காலையில அத்தான் கூட்டிட்டாரு."

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நானா? நான் எந்திரிச்சப்பவே கூடம் சுத்தமா இருந்துச்சே. நீ கூட்டிட்டேன்னு நெனச்சேன்."

"நான் இன்னிக்குக் கூட்டல அத்தான்."

"நேத்து?"

"நேத்தும் நான் கூட்டல. நீங்கதான்னு நெனச்சேன்."

டாக்டர் அவளையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப யாருதான் கூட்டினீங்க?"

யாரும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு எதுவுமே இல்லாமல் இருந்திருக்கிறது. இரண்டு ராத்திரி முழுக்க அந்த மிருகம் கூடத்தில் வலியோடு உட்கார்ந்திருக்கிறது. விடிந்ததும் இரண்டு திருடர்கள் வந்து வெறும் தரையைப் பார்த்து, மற்றவர் முந்திக்கொண்டார் என்று நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். "சாப்பாடு என்ன?"

"கேரட், முட்டைக்கோஸ் இலை..."

"சாயங்காலம் டீயோட பிஸ்கட்" என்றார் அத்தான். இன்றைக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார் போல.

"புல்லு?"

சின்னவள் துரையின் காதைத் தடவினாள். "முன்னாடி குடுத்தேன். காஞ்ச புல்லு கூடமெல்லாம் உதிருது, அக்கா திட்டும்னு மூணு வாரமா நிறுத்திட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பொறுமையாகச் சொன்னார். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஓட வைப்பது புல்லில் இருக்கிற நார்தான். நார் குறைந்தால் குடல் மந்தமாகும், மந்தமானால் காற்று கட்டும், வலிக்கும், வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். "வாந்தி எடுக்கத் தெரியாத பிராணி இது. உள்ள போனது பின்பக்கமாத்தான் வெளிய வரணும். அரை நாள் சாப்பிடலன்னா, புழுக்கை போடலன்னா, அப்பவே தூக்கிட்டு ஓடி வரணும். இதைப் போய்ப் பட்டினி போடுன்னு எவன் சொன்னான்?"

கம்பவுண்டர் அலமாரியைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் போனில் யாரிடமோ படத்தை விவரித்து, கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டார். அடைப்பு எதுவும் இல்லை, காற்றுதான். வலிக்கு ஓர் ஊசி, குடலை ஓட வைக்க ஓர் ஊசி, தோலுக்கு அடியில் உப்புநீர். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைச் சின்னவள் கையில் கொடுத்தார். புல்லை அரைத்துக் குழைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். உடம்பு சூடாக இருக்க வேண்டும். படுக்கவே விடாமல் அவ்வப்போது நடக்க வைக்க வேண்டும்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள புழுக்கை வரணும்" என்றார் டாக்டர்.

"வரலன்னா?"

"வரணும்" என்றார் திரும்பவும்.

மதியம் மூன்று மணிக்கு அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள். கூடத்தின் நட்ட நடுவில் பழைய போர்வை. அதில் துரைக்குப் படுக்கை. இரண்டு பக்கமும் துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில். மாட்டுத் தீவனக் கடையிலிருந்து அத்தான் தூக்கி வந்த காய்ந்த புல், சோபாவரைக்கும் சிதறிக் கிடந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய துரையை மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்துப் பச்சைக் கூழை ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி அவன் வாயிலும் பாதி அவள் புடவையிலும் போயிருந்தது.

அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது என்ன வீடா, தொழுவமா? தூக்கிப் பால்கனியில போடு."

"அங்க காத்தடிக்குது. சூடா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அப்ப குளியலறையில போடு."

"நடக்கணும் அவன். குளியலறையில எங்க நடப்பான்?"

"நான் என்ன சொல்லியிருந்தேன் உங்கிட்ட? ஞாபகம் இருக்கா?"

"புழுக்கை உன் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னே. படலையே! ரெண்டு நாளா ஒண்ணுகூடப் படல. அதான் அக்கா வியாதியே."

அத்தான் இருமினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இருமல் நின்றது.

"என் வீட்ல இருந்துக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுற."

"ஆமா. இவன் பொழைக்கிற வரைக்கும் பேசுவேன். அதுக்கப்புறம் போகச் சொன்னாப் போறோம், ரெண்டு பேரும். இப்ப இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

இத்தனை வயதில் சின்னவள் அக்காவிடம் இப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பயம் வரவில்லை. பயத்துக்கெல்லாம் அன்றைக்கு அவளிடம் நேரமில்லை. சிரிஞ்சில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்" என்றாள் அக்கா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று சொல்லுவது சுலபம். செய்கிறவளுக்குத்தான் தெரியும். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, வெந்நீர் மாற்றி, வயிற்றை இரண்டு விரலால் மெல்ல நீவி, பத்தடி நடக்க வைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும். துரை ஒத்துழைக்கவில்லை. முதலில் கூழைத் துப்பினான். அப்புறம் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் அடம் பிடித்தான். "நீ என்ன அடம் பிடிச்சாலும் உன்னைவிட எனக்கு ஒரு பங்கு கூட உண்டுடா" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினாள். அத்தான் புல் அரைத்தார். மிக்ஸி சத்தம் அக்காவுக்குக் கேட்குமே என்று அவர் யோசிக்கவே இல்லை.

ஞாயிறு காலை டாக்டரைக் கூப்பிட்டாள்.

"பல்லைக் கடிக்கிறானா?"

"நிறுத்திட்டான் டாக்டர்."

"காது?"

"கொஞ்சம் சூடு வந்திருக்கு."

"புழுக்கை?"

"இல்ல."

"விடாதீங்க" என்றார் டாக்டர்.

பகல் பன்னிரண்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டினி போடச் சொன்ன கம்பவுண்டர்மேல், சிரித்த சூப்பர்வைசர்மேல், கேட்காமல் உதவி செய்த அத்தான்மேல், எல்லாருக்கும் மேலாக, ஊருக்கெல்லாம் தையல் விட்ட இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, சொந்த வீட்டில் அட்டையை வைத்து ஒதுக்கி ஒதுக்கி அள்ளின தன்மேல். செத்துப்போனால் இவனைக் கொன்றது வியாதி இல்லை, நான்தான் என்று நினைத்தாள்.

நாலு மணிக்கு அக்கா வாளியும் துடைப்பமுமாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடம் துடைக்கிற நாள், உலகமே தலைகீழானாலும் அக்கா துடைப்பாள். போர்வையைச் சுற்றி விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் கழுவித் துடைத்தாள். புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். தரை துடைக்கிற மருந்தின் வாசனை வீடெல்லாம் அடித்தது.

சின்னவள் துரையை நடக்க விட்டாள். ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்து அவன் நான்கு எட்டு வைத்தான். நின்றான். தரையில் அக்கா கண்ணுக்குத் தப்பிய ஒரு புல் கிடந்தது. அதை மோந்தான். வாயில் எடுத்தான். தாடை அசைந்தது. யாரும் ஊட்டாமல், அவனே, மெல்ல மெல்ல மென்று உள்ளே இழுத்தான்.

சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்து வாலைத் தூக்கினான். நின்ற இடத்திலேயே, அக்கா அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த தரையில், ஒன்று விழுந்தது. சின்னதாக, கோணல்மாணலாக. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மயிரில் கோத்த மாதிரி இரண்டு.

அக்காவின் கை தானாகவே துடைப்பத்தோடு நீண்டது.

"தொடாதே!"

சின்னவள் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து அத்தான் ஓடி வந்தார். அவள் தரையில் குப்புற விழாத குறையாக, இரண்டு கையாலும் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது.

"அத்தான், போட்டுட்டான்! துரை போட்டுட்டான்!"

"சரி, போட்டுடுச்சு" என்றாள் அக்கா. "தள்ளு. கூட்டணும்."

"கூட்டக் கூடாது."

"என்னது?"

"இனிமே இந்த வீட்ல யாரும் கூட்டக் கூடாது, நான் பாத்து, எண்ணி, சரின்னு சொல்ற வரைக்கும். அத்தானும் கூட்டக் கூடாது, நானும் ஒளிச்சுக் கூட்ட மாட்டேன்."

"அத்தானா?" அக்கா திரும்பினாள். அத்தான் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. "ஆமா, நானும்தான் கூட்டினேன்" என்றார். "நாலு மாசமா."

சின்னவள் எழுந்திருக்கவில்லை. தரையில் இருந்தபடியே அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க, என்னைக் கட்டினவன் வீட்லயும் இதைத்தான் செஞ்சேன் அக்கா. நீ என்னைப் பாக்க வர்றேன்னு போன் பண்ணுவே. நீ வந்து சேர்றதுக்குள்ள ஒடைஞ்ச தட்டைப் பொறுக்குவேன். சுவத்துல கொழம்பு தெறிச்சிருக்கும், தொடைப்பேன். முழுக்கை ரவிக்கை மாட்டிப்பேன். நீ வந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போவே. ஒவ்வொரு தடவையும் சொன்னே. மூணு வருஷம் சொன்னே."

அக்கா நீட்டிய துடைப்பத்தை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அழுக்கா விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். விடல. அது என் தப்பு. இனிமே எதையும் மறைச்சு அள்ள மாட்டேன். இதப் பாக்க உனக்கு முடியாதுன்னா சொல்லிடு, இவன் நாளைக்குத் தெளிஞ்சதும் நாங்க போறோம். ஆனா இது இங்கதான் கெடக்கும்."

துரை யாரையும் சட்டை செய்யாமல் அடுத்த புல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இரண்டு தடவை சரிந்தது, மூன்றாவது தடவை நிற்க வைத்தாள். பிறகு முழங்காலை மடக்கி, ஈரத்தரையென்றும் பார்க்காமல், தங்கைக்கு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தங்கையின் கையையே பார்த்தாள். காலையில் இருவரும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் என்றைக்கும் பார்க்காததை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பார்த்தாள். அப்புறம் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"நாலு."

"போதுமா?"

"போதாது. இன்னும் நெறைய போடணும்."

அக்கா கையை நீட்டி, பக்கத்திலிருந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள்.

"போடட்டும்" என்றாள்.